மலையடிவாரத்து ஆறுகளும் ஆலைத் தொட்டிகளும்

2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கோரத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்ட ஏழை ஜனங்கள் மாண்டார்கள். கணவனும் மனைவியும் ஒருசேரப் பிணமான வீடுகளும் உண்டு. அம்மாத முடிவிற்குள்ளாகவே மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. நவம்பர் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டார் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தனர். குடியின் கேட்டைப் பற்றியும், போலீஸாரின் அசிரத்தையைப் பற்றியும், கட்சிகளின் பொறுப்பைப் பற்றியும் அப்பொழுது பேசாதவர் இல்லை. இவையெல்லாம் பேசத்தக்க விஷயங்களே. ஆனால் போதிய அளவு கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அந்த விஷத் திரவம் சாராயக்காரன் கைக்கு வருமுன் எந்தத் தொட்டியில் இருந்தது? அத்தொட்டிக்குக் கணக்கு வைத்தவர் யார்? கணக்கைச் சரிபார்த்தவர் யார்?

மெத்தனால் கல்வராயன் மலையில் ஊறுகிற சரக்கன்று. பெரிய யந்திரசாலைகளிலே பிறந்து, வர்ணம், பிசின், மருந்து முதலியன செய்யும் வேறு யந்திரசாலைகளுக்குப் பீப்பாய்களிலும் லாரித் தொட்டிகளிலும் போய்ச் சேருகிற ரஸாயனப் பொருள் அது. 1959ஆம் வருஷத்திலேயே மெதில் ஆல்கஹாலைக் குறித்து இந்த ராஜ்யத்தில் விதிகள் ஏற்பட்டன. இருந்தும் 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் 22 பேர் இதே விஷத்தால் மாண்டபோது, அது ஒரு ரஸாயன ஆலையிலிருந்து வெளிவந்ததென்று போலீஸார் கூறினர். அதற்கு அடுத்த வருஷமே கருணாபுரம்! விதி புத்தகத்தில் இருந்தது. திரவம் வெளியே போய்விட்டது.

இந்த உதாரணத்தை நாம் இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆலையின் தொட்டியிலிருந்து களவாய் வெளியேறும் திரவம் மனிதர் வாயில் விழுந்தால் ஒரே இரவில் பாடைகள் வரிசையாகப் புறப்படுகின்றன, நாடு பதறுகிறது. அதே தொட்டியிலிருந்து ஓட்டையாலோ, அசிரத்தையாலோ, துணிவாலோ வெளியேறும் திரவம் ஓடையிலும் மண்ணிலும் விழுந்தால் கிணறு கெடுவதற்குச் சில வருஷங்கள் செல்கின்றன, நாடு உறங்குகிறது. நோய் ஒன்றே. நீரைக் கெடுக்கவல்ல பொருள்களைக் கையாளும் ஸ்தாபனங்களின் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, சிந்தினால் எங்கே போய்த் தங்கும் என்பவற்றைச் சர்க்காரும் அறியாமல், ஊராரும் அறியாமல் காலம் கழிவதே அந்நோய்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவின் நீர்நிலை கல்வராயன் மலையையே பெரிதும் நம்பியிருக்கிறது. கோமுகி நதி அம்மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கிறது. மணிமுத்தா நதி விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றோடு கூடுகிறது. மலையின் தென்புறத்துக் கரியகோயில் ஆறு வசிஷ்ட நதியிற் சேருகிறது; வசிஷ்ட நதி ஆத்தூர், தலைவாசல் வழியே சென்று தானும் வெள்ளாறாகிறது. அவ்வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. ஆதலின் மலையடிவாரத்தில் ஒரு வாய்க்காலில் விழும் அழுக்கு ஒரு கிராமத்தின் அழுக்கோடு நிற்பதன்று. அது மூன்று ஜில்லாக்களின் அழுக்கு.

இப்பிரதேசத்தின் கைத்தொழில்கள் இரண்டு. ஒன்று கரும்பாலை. கச்சிராயபாளையத்திலும், தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. மற்றொன்று மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் தொழில். சேலத்திலிருந்து ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் வரையில் சேகோ ஆலைகள் பரவியிருக்கின்றன. மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி பயிராகிறது.

ஜவ்வரிசித் தொழில் நமது நாட்டார் தம் சொந்த முயற்சியால் உண்டாக்கிய தொழில் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943ஆம் வருஷத்தையொட்டிச் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் முதலியோர் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யும் வழியைக் கண்டனர். அயல்நாட்டுச் சரக்கின் இடத்தைச் சுதேசிச் சரக்கு பிடித்தது. பிற்காலத்தில் உற்பத்தியாளர்களுக்கென்று ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கமும் சேலத்தில் ஏற்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தொழில் அழியவேண்டுமென்று விரும்பும் தமிழன் எவனும் இரான். நிலைத்து வாழவேண்டுமென்று விரும்புவதனாலேயே அதன் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி, அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தெளியவைப்பது இத்தொழிலின் முறை. ஒவ்வொரு படியிலும் ஏராளமான தண்ணீர் செலவாகிறது. திப்பி தீவனமாக விற்பனையாகிவிடுகிறது. தெளிந்த மேல்நீரோ கழிவாகிறது. அந்நீரில் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. கிழங்கிற்கு இயல்பாயுள்ள சயனைடு விஷமும் ஓரளவு இறங்கியிருக்கிறது. வெண்மைக்காகச் சேர்க்கும் மருந்துகளும் சிலவிடங்களில் கலக்கின்றன. புளித்துக் கறுத்த அந்நீர் ஆற்றில் விழுந்தால், அதை ஜீரணிக்க முயலும் கிருமிகள் ஆற்று நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகின்றன. மீன் மூச்சடைத்துச் சாகிறது. நாற்றம் காதவழி வீசுகிறது. இவ்வாறு உண்ணப்படும் பிராணவாயுவின் அளவைக்கொண்டே கழிவின் கொடுமையை அளக்கிறார்கள். ஆற்றில் விடும் கழிவுநீர் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது சட்டம். சுத்தி செய்யாத ஜவ்வரிசிக் கழிவோ ஆயிரக்கணக்கில் நிற்கிறது. கரும்பாலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடித்தால் இன்னும் மோசம். ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கறுத்த கழிவு உண்டாகிறது. அதன் அளவு 40,000ஐயும் தாண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்காக வடிசாலைகள் தேசமெங்கும் பெருகிவரும் இக்காலத்தில் இது அற்ப விஷயமன்று. பஞ்சாபில் ஜீரா என்னுமிடத்து வடிசாலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறதென்று ஜனங்கள் 2022இல் மாதக்கணக்கில் அதன் வாயிலிலே அமர்ந்து கிளர்ச்சி செய்து, 2023 ஜனவரியில் அதை மூடும் உத்தரவைப் பெற்றதை நாம் அறிவோம்.

இது வெறும் அச்சமென்று தள்ளுவார்க்கு ஒரு சான்று கூறுவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் தேசத்தில் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகள் 351 என்று கணக்கிட்டு, அவற்றில் 45ஐ மிக மோசமான முதல் வகுப்பில் வைத்தது. மணிவிழுந்தான் முதல் தியாகனூர் வரையில் வசிஷ்ட நதியும் அம்முதல் வகுப்பில் இடம் பெற்றது. நமது மலையின் மடியிலே பிறந்த நீருக்குக் கிடைத்த பட்டம் இது! தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தார் தாமாகவே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ராஜ்யமும் நதிகளைச் சீர்திருத்தக் கமிட்டி வைக்கவேண்டுமென்று அவ்வருஷமே உத்தரவிட்டனர்.

சட்டம் இல்லாமையால் வந்த கேடா இது? இல்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் பிறந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் ஏற்பட்டது. வாரியத்தின் சம்மதமின்றி ஆலை கட்டவும் கழிவு விடவும் கூடாது. மீறினால் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. நமது கட்டுப்பாடு பெரும்பாலும் கழிவு வாய்க்காலின் முனையிலே நிற்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து ஒரு புட்டியில் நீர் பிடித்துச் சோதிக்கிறார். வந்த நாளில் வாய்க்கால் தெளிவாயிருந்தால் கதை முடிந்தது. அவர் வராத இரவில் என்ன ஓடியதென்பது அவ்வூர்க் குடியானவனுக்கும் அவன் மாட்டுக்கும் மட்டுமே தெரியும். சர்க்கரை ஆலைகளும் வடிசாலைகளும் அதிக மாசு செய்யும் 17 வகைத் தொழில்களின் ஜாபிதாவில் இருப்பதால், அவற்றின் கழிவை இடைவிடாது அளக்கும் கருவிகள் வைக்கவேண்டுமென்று மத்திய வாரியம் உத்தரவிட்டிருக்கிறது. சேகோ ஆலை அந்த ஜாபிதாவில் இல்லை.

ஐரோப்பாவில் இவ்விஷயத்தை வேறு விதமாக அணுகினார்கள். அதுவும் பட்டுத் தெரிந்த பிறகுதான். 1986 நவம்பர் 1ஆம் தேதி ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் நகரத்தருகே ஸாண்டோஸ் கம்பெனியின் ரஸாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைக்க இறைத்த நீர், கிடங்கிலிருந்த பூச்சி மருந்துகளைக் கரைத்துக்கொண்டு ரைன் நதியில் விழுந்தது. நதி செந்நிறமாக ஓடிற்று. சுமார் 400 கிலோமீட்டர் தூரம் விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கழிவு வாய்க்காலை எவ்வளவு நன்றாகச் சோதித்திருந்தாலும் அந்த ஆபத்தைத் தடுத்திருக்க முடியாது. ஏனெனில் கேடு கிடங்கில் இருந்தது.

ஜெர்மனியில் இன்று நடைமுறையிலிருக்கும் விதிகள் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டவை. 2017 ஆகஸ்டு முதல் தேசம் முழுவதற்கும் ஒரே விதித் தொகுப்பு அங்கே அமலுக்கு வந்தது. நீருக்குத் தீங்கு செய்யும் பொருள்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பொருளின் வகுப்பையும், வைத்திருக்கும் அளவையும் சேர்த்துப் பார்த்து ஸ்தாபனத்துக்குப் படி நிர்ணயிக்கிறார்கள். படி உயர உயரக் கட்டுப்பாடும் உயரும். தொட்டி கசிந்தால், கசிந்ததை ஏந்தும் தளமும் சுவரும் இருக்கவேண்டும். கசிவு உடனே தெரியும்படி அமைப்பு இருக்கவேண்டும். தீயணைத்த நீரும் வெளியே ஓடாமல் தேங்க இடம் வேண்டும். ஆபத்து மிகுந்த ஸ்தாபனங்களை, வேலை தொடங்குமுன்பும் பின்னர் குறித்த காலந்தோறும் சுதந்திரமான நிபுணர்கள் சோதிக்க வேண்டும். பண்ணைகளிலுள்ள சாணக் குழம்பும், பதப்படுத்திய தீவனத்திலிருந்து வடியும் சாறுங்கூட இவ்விதிகளுக்கு உட்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. ‘இது கிழங்குத் தண்ணீர்தானே, கரும்புச் சாறுதானே, விஷமா?’ என்று நம்மூரில் கேட்பவர்களுக்கு இதுவே பதில். கெட்டுப்போகும் இயற்கைப் பொருளும் அளவு மிஞ்சினால் ஆற்றுக்கு விஷமே.

அந்நிய தேசத்தின் சட்டத்தை அப்படியே பெயர்த்து நடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே கற்கவேண்டிய பாடங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம். பாலாற்றுக் கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றி வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வருமுன் காக்கவேண்டும், மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்னும் இரண்டு கொள்கைகளும் இத்தேசத்தின் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அத்தகைய தீர்ப்பு பெற்றும், பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்குச் சேரவேண்டிய நஷ்டஈட்டைக் குறித்து 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு மறுபடியும் கட்டளையிட நேர்ந்தது. 28 வருஷங்கள்! கிணற்றை இழந்த தகப்பன் மாண்டு, மகன் கிழவனாகும் காலம் அது.

நொய்யலின் கதையும் அதுவே. திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணை கழிவுக் குளமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டார் சாயச் சாலைகளையெல்லாம் மூடும்படி உத்தரவிட்டனர். ஆற்றங்கரை விவசாயிக்கு நியாயம் கிடைத்தது; ஆனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு இருந்திருந்தால் நதியும் பிழைத்திருக்கும், தொழிலும் நின்றிராது. கட்டுப்பாட்டைத் தொழிலின் விரோதியென்று கருதுவோர் திருப்பூரை ஒருமுறை நினைக்க வேண்டும். கட்டுப்பாடின்மையே அங்குத் தொழிலை மூடியது.

இந்நிலையில் மத்திய சர்க்கார் 2024இல் நீர் மாசுச் சட்டத்தைத் திருத்தியிருப்பது கவலைக்கிடமானது. பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைத் தண்டனை நீங்கி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆயிற்று. சில வகை ஆலைகளுக்குச் சம்மதம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கிடைத்தது. ஹிமாசலப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் யூனியன் பிரதேசங்களிலும் முதலில் இது அமலுக்கு வந்தது. ஏனைய ராஜ்யங்கள் தத்தம் சட்டசபைத் தீர்மானத்தால் இதனை ஏற்கலாம். அற்பத் தவறுக்குச் சிறையென்பது பொருந்தாதென்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெரிய முதலாளிக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு மாத்திரமே. எந்த ராஜ்யம் இத்திருத்தத்தை ஏற்பினும், தொட்டிக்கும் கிடங்குக்கும் கடுமையான முன்சோதனையை உடன் ஏற்படுத்தாமல் ஏற்பது நதிகளை ஏலம் போடுவதாகும்.

சிறிய ஆலைக்காரர்கள் கூறும் ஆட்சேபத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். ‘கிழங்கு விலை ஏறி இறங்குகிறது, ஜவ்வரிசிக்கு மக்காச்சோள மாவு போட்டியாகிறது, நாங்கள் எங்ஙனம் செலவு செய்வது?’ என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் ஜவ்வரிசிக் கழிவு முற்றிலும் நஷ்டமான பொருளன்று. அதை மூடிய குளத்திலோ கலத்திலோ புளிக்கவைத்தால் எரிவாயு கிடைக்கிறது. சேலம் வட்டாரத்தில் பல ஆலைகள் அவ்வாயுவைக்கொண்டு மின்சாரம் எடுத்து வருகின்றன. மாசின் பெரும்பகுதி குறைகிறது. மின்சாரச் செலவும் குறைகிறது. தனியாகச் செய்ய இயலாதவர்க்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கலாம். பெரிய ஆலைக்கு ஒரு விதி, சிறிய ஆலைக்கு அதன் அளவுக்கேற்ற விதி என்று படிமுறை வைப்பதும் எளிது.

நாம் கோருவது இவ்வளவே. முதலாவது, ஜில்லாவிலும் அதை அடுத்த ஆத்தூர்ப் பகுதியிலும் நீரைக் கெடுக்கவல்ல திரவத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு தொட்டிக்கும் குளத்துக்கும் கிடங்குக்கும் பதிவேடு வேண்டும். கழிவுப்பாகும், அமிலமும், வெளுப்பு மருந்தும், எண்ணெயும், மெத்தனாலும் அதில் அடங்க வேண்டும். இரண்டாவது, வரவு செலவுக் கணக்கு. வந்த அளவுக்கும் உபயோகித்த அளவுக்கும் பொருந்தாத இடத்தில் அன்றே விசாரணை வேண்டும். மரக்காணமும் கருணாபுரமும் இக்கணக்கு இல்லாததன் பலன். மூன்றாவது, ஒவ்வொரு தொட்டியைச் சுற்றிலும், அதிலுள்ளது முழுதும் சிந்தினாலும் ஏந்தத்தக்க தளமும் சுவரும். நான்காவது, அரவைப் பருவம் தொடங்குமுன், ஆலைக்காரரிடம் சம்பளம் பெறாத நிபுணர் சோதனை. ஐந்தாவது, சோதனையின் முடிவைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுதல். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் விவசாயிகளே பங்குதாரராயுள்ளவை. சர்க்காரின் மேற்பார்வையில் நடப்பவை. இவ்வைந்தையும் முதன்முதல் அவற்றில் நிறைவேற்றிக் காட்டினால் தனியார் ஆலைகள் மறுப்புச் சொல்ல வாயிராது.

மலைவாசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தாரர் ஆதிக்கத்தில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து 29 வருஷங்கள் கழித்தே அம்மலை சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. கருணாபுரக் கோரத்திற்குப் பின், 2024இல் சென்னை ஹைகோர்ட்டார் தாமாகவே மலைவாசிகளின் நிலையை விசாரிக்கத் தொடங்கி, சாலையும் பள்ளியும் வைத்தியமும் இல்லாத அவலத்தைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். போலீஸார் மலையேறி ஓடைக்கரைச் சாராய ஊறலைப் பீப்பாய் பீப்பாயாய்க் கவிழ்ப்பதைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அது அவர்கள் கடமை. மலையாளி வகுப்பு ஏழையின் பீப்பாயைத் தேடிக் காடெல்லாம் அலையும் சட்டம், சமவெளியிலே மதிற்சுவருக்குள் நிற்கும் தொட்டிகளையும் அதே சிரத்தையோடு பார்வையிட வேண்டுமென்பதே நமது கோரிக்கை. மலையின் மேல் ஒரு நீதியும் மலையின் கீழ் ஒரு நீதியும் ஆகாது.

தேச ஊழியர்களுக்கு இதில் வேலை நிறைய இருக்கிறது. கிராம சபைக் கூட்டங்களில் ஆலைகளின் சம்மதப் பத்திரத்தையும் சோதனை முடிவுகளையும் கேளுங்கள். தர மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கிணற்று நீரின் நிறமும் ருசியும் மாறிய தேதியைக் குறித்து வையுங்கள். கோர்ட்டில் கண்ணீர் சாட்சியாகாது, தேதி சாட்சியாகும். ஆலைத் தொழிலாளரையும் கரும்பு, மரவள்ளிக் குடியானவர்களையும் விரோதிகளாக்கிக் கொள்ளாதீர்கள். அவர்கள் குடிப்பதும் இதே கிணற்று நீர்தான்.

பாலாற்றையும் நொய்யலையும் இழந்த பின் அழுதோம். கோமுகியும் மணிமுத்தாவும் நம் கையில் இருக்கின்றன; வசிஷ்ட நதியை மீட்கவும் காலம் கடந்துவிடவில்லை. அடுத்த அரவைப் பருவத்துக்குள் ஜில்லா அதிகாரிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொட்டிகளின் பதிவேட்டையாவது தயாரித்து வெளியிடுவார்களா? கருணாபுரத்துப் பிணங்களுக்கு இந்நாடு செலுத்தவேண்டிய கடனில் அதுவும் ஒரு பகுதியென்பது நமது அபிப்பிராயம்.